கருவேலத்தடி மண்

2003-ல் கல்யாணமாகி டில்லிக்கு வந்தேன். முனிர்க்காவில் வீடு. வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சஞ்சய் வனம் என்ற காட்டுக்கு என் கணவர் என்னைக் கூட்டிப்போனார். "டில்லிக்குள்ளேயே காடு இருக்கு, வந்து பார்" என்று அத்தனை ஆசையாகச் சொல்லியிருந்தார். உள்ளே பத்து அடி நடந்ததும் நின்றுவிட்டேன். வளைந்து வளைந்து போகும் கிளை, பொடிப் பொடியான இலை, மஞ்சள் கதிர்ப் பூ, ஜோடி ஜோடியாக முள். கமுதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நான் விட்டுவிட்டு வந்த அதே சீமைக் கருவேலம்.

இங்கே அதற்கு விலாயத்தி கீகர் என்று பெயர். கீகர் என்றால் கருவேலம், விலாயத்தி என்றால் சீமை. இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒருவரை ஒருவர் கேட்காமலேயே இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அதில் சந்தோஷமே இல்லை, அழுகைதான் வந்தது. என் அப்பா கரிமூட்டம் போட்டவர். கருவேலம் வெட்டி, கட்டையை அடுக்கி, மேலே இலைதழையும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டு, பிரித்து, கரியை மூட்டை கட்டி அனுப்புவார். அந்தக் காசில்தான் நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். ஆனாலும் ஊரில் எல்லோரையும் போல நானும் அந்த மரத்தைத் திட்டித்தான் வளர்ந்தேன். மண்ணைக் கெடுக்கும், தண்ணீரை உறிஞ்சும், அதன் அடியில் புல்கூட முளைக்காது. இதையெல்லாம் யாரும் சோதித்துப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் சோதிக்காமலேயே நம்பினேன்.

இருபது வருடமாக அந்தக் காட்டில் நடக்கிறேன். மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மரத்துக்குக் கீழே பார்க்க ஆரம்பித்தது கடைசி ஏழெட்டு வருடமாகத்தான். எந்த மரம் நிற்கிறதோ அதற்கேற்ற மண்தான் கீழே உருவாகிறது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

மண்ணில் மணலும் களியும் மட்டும் இருந்தால் அது கல்லின் தூள்தான். இலை, வேர், பூச்சி, பூஞ்சை எல்லாம் செத்து மக்கி அதில் கலந்தால்தான் அது மண். அந்த மக்கிய பொருளில் ஏறக்குறைய பாதிக்குமேல் கரிமம், அதாவது கார்பன். நம் நாட்டு மண் பரிசோதனைக்கூடங்களில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 0.75-க்கு மேலே இருந்தால் அதிகம் என்றும் கணக்கு. பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்தக் கரிமம்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, மண்ணைப் பொலபொலவென்று வைக்கிறது, பயிருக்குத் தழைச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுக்கிறது. உலகம் முழுக்க மேல் ஒரு மீட்டர் மண்ணில் இருக்கும் கரிமம், காற்றில் இருப்பதைவிட மிக அதிகம்; கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, மரத்துக்கு மரம் இது ஏன் மாறுகிறது? பதில் எங்கள் அப்பத்தாவுக்கே தெரியும். நடவுக்கு முன்னால் வயலில் தழை மிதிப்பார்கள். கொழுஞ்சி, எருக்கு, புங்கம், ஆவாரை இவற்றைத் தேடித் தேடி வெட்டி வருவார்கள். கொழுஞ்சியைப் போட்டு மிதித்தால் சில நாளில் நசநசவென்று மக்கி, சேறோடு சேறாகிவிடும். ஒரு தடவை நான் ஆர்வத்தில் பனையோலையை இழுத்துக்கொண்டு போனேன். "அது கூரைக்கு ஆகும் தாயி, வயலுக்கு ஆகாது. நீ கெழவியானாலும் மக்காது" என்றார். அவர் சொன்னதைத்தான் பிறகு புத்தகங்களில் வேறு சொற்களில் படித்தேன். இலையில் தழைச்சத்து அதிகமாக இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாகச் சாப்பிடும். லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள பொருளும் மெழுகும் துவர்ப்பும் அதிகமாக இருந்தால் வாயே வைக்காது. கூரைக்கு எது, வயலுக்கு எது என்று அப்பத்தா பிரித்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதை நான் கண்ணாரப் பார்த்தது உத்தரகாண்டின் குமாவுன் மலையில். டில்லிக்காரர்கள் வெயில் தாங்காமல் ஓடும் இடம். முக்தேஷ்வர் போகும் வழியில் பீம்தாலைத் தாண்டி ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். முழுக்க சீர் பைன் மரம். தரையில் ஊசியிலை, கணுக்கால் மூழ்கும் அளவுக்கு. என் மகள் சறுக்கி விழுந்து, சிரித்து, மறுபடி வேண்டுமென்றே சறுக்கினாள். நான் குனிந்து அந்த ஊசியிலைப் படுக்கையை விலக்கினேன். இவ்வளவு சருகு கிடந்தால் அடியில் மண் எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தேனோ, அப்படி இல்லை. வெளிறிய, இறுகிய மண். மேலே இருக்கும் சருகுக்கும் கீழே இருக்கும் மண்ணுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத மாதிரி, பாயைச் சுருட்டுவது போலச் சருகு தனியாக உரிந்து வந்தது.

மேலே முக்தேஷ்வரில் பாஞ்ஜ் என்று அவர்கள் சொல்லும் ஓக் மரக்காடு. அங்கே சருகு அவ்வளவு தடிமன் இல்லை. மேலே முழு இலை. அதைத் தள்ளினால் பாதி அரிக்கப்பட்ட, நரம்பு மட்டும் மிஞ்சிய இலை. அதற்கும் கீழே எது இலை எது மண் என்று பிரிக்க முடியாத கறுப்புப் பொருள், அதில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. மே மாதத்தில்கூடக் கையில் ஈரம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். மழை பெய்து முடிந்த கண்மாய்க்கரை வாசம்.

அந்த மலைப் பெண்கள் பாஞ்ஜ் காட்டில்தான் ஊற்று இருக்கும் என்பார்கள். எழுபதுகளில், மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து நின்ற சிப்கோ போராட்டத்தில் அவர்கள் போட்ட கோஷத்தில் காடு தரும் கொடை என்ன என்று கேட்டு, மண், தண்ணீர், காற்று என்று பதில் சொன்னார்கள். மண்ணைத்தான் முதலில் சொன்னார்கள். பைனையோ, ரயில் தண்டவாளத்துக் கட்டைக்கும் பிசினுக்கும் வெள்ளைக்காரர்கள் வளர்த்துப் பரப்பினார்கள். அதன் சருகு மக்காமல் கோடையில் காய்ந்து கிடக்கிறது, தீப்பிடிக்கிறது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் உத்தரகாண்டில் காடு எரிந்தபோது செய்தியில் நான் பார்த்த தரை, அன்றைக்கு என் மகள் சறுக்கி விளையாடினாளே, அதே மாதிரி ஊசியிலைத் தரை.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும், எனக்கும் வந்தது. பைன் கீழ்ச்சரிவில், வெயில் அடிக்கும் பக்கத்தில் நிற்கிறது. ஓக் மேலே, குளிரில், ஈரத்தில் நிற்கிறது. மண் மாறியது மரத்தாலா, இடத்தாலா? நல்ல மண்ணாகப் பார்த்து ஓக் போய் நின்றுகொண்டது என்றும் சொல்லலாமே. இந்தக் கேள்வி பழையது. 1870-களின் கடைசியிலேயே டென்மார்க்கின் வன ஆய்வாளர் மியுல்லர், சருகு மண்ணோடு கலந்துவிடும் தரை, சருகு மேலேயே மெத்தையாகத் தங்கிவிடும் தரை என்று காட்டுத்தரையை இரண்டாகப் பிரித்தார். அவர் பார்த்த பீச் மரக்காடுகளில் ஒரே மரத்துக்கு அடியிலேயே இரண்டு வகையும் இருந்தன. ஆகவே மரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மரத்தின் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஒரே மண்ணில், ஒரே மழையில், வேறு வேறு மரங்களை நட்டுவிட்டுக் காத்திருப்பது. போலந்தில் சியமியானிட்சே என்ற இடத்தில் 1970, 71-ல் அதைச் செய்தார்கள். 14 வகை மரங்கள், பக்கத்துப் பக்கத்துப் பாத்தி போல. முப்பது வருடம் கழித்துத் தரையைப் பார்த்தால், ஒரே மண்ணாக இருந்தது 14 விதமாகப் பிரிய ஆரம்பித்திருந்தது. அதில் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது மண்புழு. மேப்பிள், லிண்டன் போன்ற மரங்களின் இலையில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அப்படிப்பட்ட இலை விழுந்த இடத்தில் மண்புழு பெருகியிருந்தது. புழு இலையைக் கீழே இழுத்துப்போய் மண்ணோடு கலந்துவிடுவதால் மேலே சருகு குறைவாகவே இருந்தது. இலையில் சுண்ணாம்பு இல்லாத மரத்தடியில் புழு குறைவு, சருகு அப்படியே குவிந்து கிடந்தது, மண்ணின் புளிப்பும் அதிகம்.

வேகமாக மக்கும் இலை சீக்கிரமே காற்றோடு போய்விடும், மெதுவாக மக்குவதுதான் மண்ணில் நிற்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது சொல்வது வேறு. நுண்ணுயிர் இலையைத் தின்று பெருகுகிறது, சாகிறது. அதன் உடல்தான் களிமண் துகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய கரிமம் பல பத்தாண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள்கூட நிற்கும். ஆகவே நுண்ணுயிர் விரும்பிச் சாப்பிடும் இலைதான் நிலையான மண்ணையும் கட்டுகிறது. மக்காத சருகிலும் கரிமம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது தரைக்கு மேலே, ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது. எடை போட்டால் இரண்டு காட்டிலும் கரிமம் ஒன்றாகக்கூட வரலாம். அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேரின் பங்கும் பெரியது. மண்ணுக்குள்ளேயே செத்து மக்கும் வேரிலிருந்து வரும் கரிமம், மேலிருந்து விழும் இலையில் இருப்பதைவிட நன்றாகவே தங்குகிறது.

இப்போது டில்லிக்கு வருகிறேன். சஞ்சய் வனம் இருக்கும் இந்த ரிட்ஜ், அதாவது பாறைக் குன்றுத்தொடர், ஆரவல்லி மலையின் வால். குவார்ட்சைட் பாறை, மேலே மெல்லிய மண். மழை மூன்று மாதம், மற்ற நாளெல்லாம் வறட்சி. இங்கே சீமைக் கருவேலத்தைப் புது டில்லி கட்டிய காலத்தை ஒட்டி, 1920-கள் வாக்கில், மொட்டைப் பாறையைப் பசுமையாக்கப் பரப்பினார்கள். இந்தியாவுக்குள் அது வந்தது அதற்கும் முன்னால், 1877-ல், கடப்பைப் பக்கம்.

அந்த மரத்தடி மண்ணைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் என் சின்ன வயசு நம்பிக்கை ஆட்டம் கண்டது. அது அவரை இனத்தைச் சேர்ந்தது, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். இலை சின்னது, சத்துள்ளது, சீக்கிரம் மக்கும். ஹரியானாவில், கர்னாலில் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எதுவுமே முளைக்காத களர் நிலத்தில் இதை நட்டுப் பார்த்தார்கள். மரம் வயதாக ஆக மண்ணின் காரத்தன்மை இறங்கியது, கரிமம் பல மடங்கு ஏறியது. அமெரிக்காவின் பாலைவனங்களில் இதன் சொந்தக்கார மரங்களின் அடியைச் சத்துத் தீவு என்றே சொல்கிறார்கள். மரத்தடியில் வளம், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெறும் தரை.

ஆகவே மண்ணைக் கெடுக்கும் மரம் என்று அதை இனி என்னால் சொல்ல முடியாது. அதற்காக அது நல்ல காடு ஆகிவிடுமா என்றால், ஆகாது. தன் அடியில் சேர்த்த வளத்தில் வேறு எதையும் அது லேசில் வளர விடுவதில்லை. அதன் இலையில் மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பல வகை இலை, பல ஆழத்து வேர், பல மாதங்களில் உதிரும் சருகு, இதெல்லாம் சேர்ந்தால் வரும் அடுக்கு அந்த மரத்தடியில் வருவதே இல்லை.

அடுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க மாங்கர் பனி என்ற இடத்துக்குப் போங்கள். டில்லி எல்லையைத் தாண்டி, ஃபரீதாபாத் மாவட்டத்தில் இருக்கும் கோவில்காடு. குதரியா தாஸ் பாபாவின் இடம் என்று சுற்றுவட்டாரக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரு குச்சிகூட வெட்டுவதில்லை. நம் ஊர் அய்யனார் கோவில்காட்டில் விறகு எடுக்கமாட்டோமே, அதே பயம், அதே மரியாதை. அங்கே நிற்பது பெரும்பாலும் தௌ மரம், நம் வெக்காலி மரத்தின் உறவு. நான் போனது ஆகஸ்ட் மாதம். பாறைச் சரிவுதான், சஞ்சய் வனத்தில் இருக்கும் அதே ஆரவல்லிப் பாறைதான். ஆனால் பாறை இடுக்கில் விரலை விட்டால் இரண்டு கணு உள்ளே போனது. விரல் நுனியில் ஒட்டி வந்த மண்ணில், சர்க்கரைத் துகள் அளவுக்கு வெள்ளைப் பூச்சி ஒன்று துள்ளிக் குதித்து ஓடியது.

எங்கள் குடியிருப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டில்லியில் இலையுதிர்வது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். வேம்பும் பில்கனும் ஒரே வாரத்தில் கொட்டும். பில்கன் ஆல், அரசு இனம், எங்கள் குடியிருப்பில் ஒரே நாளில் நட்ட இரண்டு மரங்கள் நிற்கின்றன. ஒன்று நடைபாதை ஓரம், தினமும் பெருக்கிச் சருகைச் சாக்கில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று பம்ப் அறைக்குப் பின்னால், அங்கே யாரும் போவதில்லை. முன்பெல்லாம் சருகைக் கொளுத்துவார்கள். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றதும் கொளுத்துவது குறைந்தது, மூட்டை கட்டுவது கூடியது. புகை குறைந்ததில் நிம்மதிதான். மண்ணுக்குப் போக வேண்டியது குப்பை மேட்டுக்குப் போகிறதே என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பார்க் அழகாக இருக்க வேண்டும் என்றார்கள்.

நான் பாடம் எடுக்கும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். இரண்டு மரத்தடியிலிருந்தும் மண் எடுத்து வந்து நிழலில் உலர்த்தி, சலித்து, ஒரு சனிக்கிழமை சோதித்தோம். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934-ல் எழுதிவைத்த முறை, இன்னும் நாடு முழுக்க மண்கூடங்களில் இதுதான் ஓடுகிறது. ஒரு கிராம் மண்ணில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட், மேலே அடர் கந்தக அமிலம். குடுவை கை வைக்க முடியாமல் கொதிக்கும். அரை மணி நேரம் விட்டால் மண்ணில் உள்ள கரிமத்தை டைகுரோமேட் எரித்துவிடும். செலவாகாமல் மீதி இருக்கும் டைகுரோமேட் எவ்வளவு என்று இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க வேண்டும். கருநீலம், ஊதா என்று கலங்கி நிற்கும் கரைசல், ஒரு சொட்டில் சட்டென்று பளிச் பச்சையாகும். சீக்கிரம் பச்சையானால் கரிமம் அதிகம். நடைபாதை மண், அந்த இரும்பு உப்புக் கரைசல் இருந்த பியூரெட் குழாயைக் காலி செய்துகொண்டே போனது. பம்ப் அறை மண், பிள்ளைகள் எதிர்பார்க்காத நேரத்தில் பச்சையாகிவிட்டது. "மேம், அதே மரம்தானே?" என்றாள் ஒருத்தி. அதே மரம்தான். இலையைக் கீழே விட்டால்தானே மரம் தன் மண்ணைச் செய்ய முடியும்.

ரிட்ஜில் கருவேலத்தை என்ன செய்வது என்ற விவாதம் வருடக்கணக்காக ஓடுகிறது. வசந்த் விஹார் பக்கம் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அது கல்லும் மொரம் என்ற சரளை மண்ணும் வெட்டி எடுத்துக் குழிகளாக விட்ட இடம். டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழு அங்கே கருவேலத்தைக் கூண்டோடு பிடுங்கவில்லை. கிளையைக் கழித்து வெளிச்சத்தைக் கீழே விட்டு, நடுவில் தௌ, புரசு, வெள்வேலம், கருங்காலி என்று இந்த மண்ணுக்கான மரங்களை வளர்த்தார்கள். வேரோடு பிடுங்கினால் அத்தனை வருடம் சேர்ந்த கரிமம் வெயிலில் காய்ந்து காற்றோடு போகும், மிச்சம் முதல் மழையில் ஓடிவிடும்.

தம்பி போன மாசி மாதம் போன் செய்தான். "அக்கா, மேலக்காட்டுக் கருவேலத்தை ஜேசிபி வச்சுச் சுத்தமாப் பிடுங்கிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?" ஒரு மாதம் பொறு என்றேன். மூன்று இடத்து மண்ணை எடுத்து அனுப்பச் சொன்னேன்: கருவேலத்தடி, பக்கத்துத் தரிசு, அப்புறம் அப்பா மூட்டம் போட்ட பழைய இடம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வரும்போது மூன்று பையையும் கொண்டுவந்து சேர்த்தான். மூட்ட மண் தார் மாதிரி கறுப்பு. கையில் எடுத்ததும் அப்பாவின் சட்டை வாசம்.

கரித்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதையும் சோதித்தேன். முதலில் பச்சையானது கருவேலத்தடி மண். தரிசு ரொம்பப் பின்னால் வந்தது. அந்தக் கறுப்பு மண்ணும் தரிசுக்கு அருகிலேயேதான் நின்றது. கரியை டைகுரோமேட் அவ்வளவாகத் தொடாது, கரி அப்படியே கிடக்கும். நுண்ணுயிரும் அதை லேசில் தின்பதில்லை. எரிந்த இடத்தில் மக்கிய பொருள் எதுவும் மிஞ்சவில்லை.

தம்பிக்கு அன்றிரவே போன் செய்தேன். ஜேசிபி வேண்டாம், ஒரு பக்கமாகக் கழித்துக்கொண்டு வா, தழையைக் கொளுத்தாமல் அங்கேயே பரப்பிவிடு, ஆடியில் மழை ஏதும் கிடைத்தால் நடுவில் புங்கமும் வேம்பும் வாகையும் வை என்றேன். கட்டையை என்ன செய்வது என்று கேட்டான். மூட்டத்துக்குத்தான், ஆனால் பழைய இடத்திலேயே போடு, புது இடத்தைச் சுடாதே என்றேன். சரி என்றான். முதல் வரிசையில் இருபது புங்கங்கன்று வைத்திருப்பதாகப் போன வாரம் படம் அனுப்பினான். கன்றைச் சுற்றிக் கருவேலத்தழை வட்டமாகக் கிடக்கிறது, முள்ளோடு.